அத்தியாயம் 5: உட்கார்ந்த பிறகு மனம் ஓடாமல் இருக்க

குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்களிடம் என்ன பிரச்சினை என்று கேட்டால், பாடம் புரியவில்லை என்பவர்கள் குறைவு. பாடத்தில் பெரும்பகுதி பள்ளிப் புத்தகத்தில் இருப்பதுதான். “உட்கார்ந்தா மனசு நிக்க மாட்டேங்குது” என்பதுதான் அதிகம் வரும் பதில். காலை எட்டு மணிக்குப் புத்தகத்தைத் திறந்தவர் பதினொரு மணிக்கு மூடுகிறார். நாற்பது பக்கம் புரண்டிருக்கிறது. என்ன படித்தீர்கள் என்றால் இரண்டு பெயரும் ஓர் ஆண்டும்தான் வாயில் வருகின்றன.

உடனே பழியைத் தங்கள் மேல் போட்டுக்கொள்கிறார்கள். எனக்குக் கட்டுப்பாடு இல்லை, வயதாகிவிட்டது, கல்யாணத்துக்கு அப்புறம் படிப்பு ஏறாது என்று ஆளுக்கொரு காரணம். இந்த நூல் அப்படிப் பார்க்கவில்லை. மனம் ஓடுவதற்குப் பெரும்பாலும் காரணம், அதற்கு நாம் வேலை எதுவும் கொடுக்காததுதான். “இந்தப் பாடத்தைப் படி” என்று சொன்னால் எதைத் தேடுவது, எப்போது முடிந்தது என்று மனத்துக்குத் தெரியாது. “1806-இல் வேலூர்ச் சிப்பாய்கள் ஏன் கிளர்ந்தார்கள்? மூன்று காரணம் சொல்” என்றால் தெரியும். கேள்வி கொடுத்தால் மனம் நிற்கும். இடம், நேரம், போன், தூக்கம் பற்றி இந்த அத்தியாயம் சொல்லும் மற்ற ஏற்பாடுகள் எல்லாம் இந்த ஒன்றுக்குத் துணை.

1. முதலில் கணக்கெடுங்கள்

மருந்துக்கு முன் நோய் எது என்று தெரிய வேண்டும். மூன்று நாளைக்கு, படிக்கும் நோட்டுக்குப் பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம் வையுங்கள். மனம் வெளியே போனதைக் கவனித்தவுடன் ஓர் எழுத்து மட்டும் போடுங்கள்.

போ – போன். அழைப்பு, மெசேஜ், அல்லது “சும்மா ஒரு தடவை பார்க்கலாமே” என்ற எண்ணம்.
வீ – வீடு. அடுப்பு, குழந்தை, கடன், யாரோ சொன்ன ஒரு சொல்.
உ – உடம்பு. தூக்கம், பசி, கழுத்துவலி, புழுக்கம்.
பா – பாடம். புரியவில்லை, அல்லது சலிப்பாக இருக்கிறது.

எழுத்தைப் போட்டதும் புத்தகத்துக்குத் திரும்பிவிடுங்கள்; ஏன் போனது என்று ஆராய வேண்டாம். மூன்றாம் நாள் இரவு எண்ணிப் பாருங்கள். பலருக்கு “போ” தான் அதிகமாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் அந்த “போ”வுக்குச் சற்று முன்னால் ஒரு “பா” இருந்ததா என்று கவனியுங்கள். கடினமான பத்தி வந்ததும் கை தானாகப் போனைத் தேடுகிறது. அப்படியானால் போனை ஒளித்து வைப்பதால் மட்டும் பயன் இல்லை. பாடத்தைப் படிக்கும் முறையை மாற்ற வேண்டும்.

2. பாடத்தைக் கேள்வியாக மாற்றுங்கள்

10-ஆம் வகுப்பு சமூக அறிவியலில் வேலூர்ப் புரட்சி பற்றிய பகுதியை எடுத்துக்கொள்வோம். வழக்கமாகச் செய்வது: முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசிப்பது, முக்கியமானதை மஞ்சள் ஹைலைட்டரால் கோடிடுவது, பிறகு மறுபடி வாசிப்பது. இதில் கண்ணுக்கு வேலை இருக்கிறது, கைக்கு வேலை இருக்கிறது. மனம் சும்மா இருக்கிறது. அதனால் ஊர் சுற்றுகிறது.

இப்படி மாற்றுங்கள்.

முதல் படி: பகுதியை இரண்டு நிமிடம் மேலோட்டமாகப் பாருங்கள். தலைப்பு, தடித்த எழுத்து, ஆண்டு, பெயர் மட்டும்.

இரண்டாம் படி: புத்தகத்தைப் படிக்கும் முன்பே ஐந்து கேள்வி எழுதுங்கள். புரட்சி எந்த நாளில் நடந்தது? சிப்பாய்களைக் கோபப்படுத்திய புதிய உடை விதிகள் என்ன? திப்புவின் மகன்களுக்கும் வேலூர்க் கோட்டைக்கும் என்ன தொடர்பு? ஆற்காட்டிலிருந்து வந்து அடக்கிய அதிகாரி யார்? அப்போது சென்னை மாகாண ஆளுநர் யார்?

மூன்றாம் படி: இப்போது வாசியுங்கள், விடையைத் தேடிக்கொண்டே. 1806 ஜூலை 10, நெற்றியில் சமயக் குறியும் காதில் கடுக்கனும் கூடாது, தோலால் ஆன சின்னம் வைத்த புதிய தலைப்பாகை அணிய வேண்டும் என்ற விதி, கில்லெஸ்பி, வில்லியம் பெண்டிங். ஒவ்வொன்றும் கிடைக்கும்போது மனத்துக்கு ஒரு சின்ன வெற்றி. அடுத்ததைத் தேடி அதுவே முன்னால் போகும்.

நான்காம் படி: புத்தகத்தை மூடிவிட்டு ஐந்துக்கும் விடை எழுதுங்கள். தவறியதை மட்டும் திறந்து பாருங்கள்.

நான்காம் படியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் பலன் அதில்தான் இருக்கிறது. 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களிடம் ஓர் உரைப்பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் அதை மறுபடி வாசித்தார்கள். மற்றவர்கள் அதைப் பார்க்காமல், நினைவுக்கு வந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது: எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, வாசித்தவர்களுக்கு 42 சதவீதம். மறுபடி வாசிப்பது “எனக்குத் தெரியும்” என்ற உணர்வைச் சீக்கிரம் தருகிறது. தேர்வு நாள்வரை அது நிற்பதில்லை.

ஒன்றுபோல இருந்து குழப்பும் பாடங்களுக்கு ஒப்பீட்டுக் கேள்வி போடுங்கள். 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சிகளுக்கு, 74-ஆவது நகராட்சிகளுக்கு. முன்னதோடு 11-ஆவது அட்டவணையும் 29 பொருள்களும், பின்னதோடு 12-ஆவது அட்டவணையும் 18 பொருள்களும் வந்தன. இதைத் தனித்தனியாகப் படித்தால் ஒரு மணி நேரத்தில் கலந்துவிடும். “இரண்டுக்கும் வேறுபாடு நான்கு எழுது” என்றால் கலக்காது, மனமும் அங்கேயே இருக்கும்.

பழைய வினாத்தாளையும் கடைசி மாதத்துக்கு என்று சேமித்து வைக்காதீர்கள். பாடத்தைத் தொடங்கும் நாளிலேயே அந்தப் பாடத்திலிருந்து வந்த நான்கைந்து வினாக்களைப் பாருங்கள். கேள்வி எழுதத் தெரியாதவருக்கு அதுவே கேள்வி.

3. யூடியூப் வகுப்பு: பார்த்துக்கொண்டே இருப்பதன் ஆபத்து

1948-இல் நார்மன் மெக்வொர்த் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். ரேடார் திரையைக் கண்காணிப்பவர்கள் ஏன் குறிகளைத் தவறவிடுகிறார்கள் என்பது அன்றைய விமானப்படையின் கேள்வி. கடிகாரம் போன்ற ஒரு முகப்பில் முள் படிப்படியாக நகரும். எப்போதாவது ஒரு படியைத் தாண்டிக் குதிக்கும். குதிப்பதைக் கண்டால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இரண்டு மணி நேரச் சோதனையில் முதல் அரை மணிக்குப் பிறகே தவறுகள் கூடின.

இரண்டு மணி நேர வீடியோ வகுப்பைக் கைகட்டிப் பார்ப்பது ஏறக்குறைய இதே வேலை. ஆசிரியர் நன்றாக நடத்துகிறார். கேட்கும்போது எல்லாம் புரிகிறது. அரை மணி கழித்துக் காது மட்டும்தான் வகுப்பில் இருக்கிறது. அதனால் வீடியோவுக்கு மூன்று விதி:

– பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, அதுவரை கேட்டதில் மூன்று செய்தியைப் பார்க்காமல் எழுதுங்கள்.
– கணக்கு வகுப்பில் ஆசிரியர் கணக்கைப் படித்ததும் நிறுத்துங்கள். நீங்கள் போட்டுப் பார்த்துவிட்டு அவர் போடுவதைப் பாருங்கள். தனிவட்டி, வேலையும் நேரமும் போன்றவை பார்த்து வருபவை அல்ல, போட்டு வருபவை.
– பள்ளிப் புத்தகத்திலேயே தெளிவாக இருக்கும் பாடத்துக்கு வீடியோ வேண்டாம். அரை மணியில் படிக்கக்கூடியதற்கு இரண்டு மணி நேரம் போகும்.

4. ஒரே இருப்பில் எவ்வளவு நேரம்?

“பத்து மணி நேரம் படிக்கிறேன்” என்பது பெருமைக்கு உதவும். கேட்க வேண்டியது, ஒரே இருப்பில் எவ்வளவு நேரம் விடையைத் தேடும் நிலையில் இருந்தீர்கள் என்பது. 1980-களின் பிற்பகுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்துப் படித்துப் பழகியதிலிருந்துதான் 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்ற பொமொடோரோ முறை பிறந்தது. தொடங்கவே கை வராத நாளில் அது நல்லது. ஆனால் எல்லாப் பாடத்துக்கும் 25 நிமிடம் பொருந்தாது. பாடத்தைப் பார்த்து நேரத்தை வையுங்கள்:

சொற்பொருள், நூல்–ஆசிரியர், நடப்பு நிகழ்வு: 20–25 நிமிடம். இவை துண்டு துண்டான செய்திகள், நீட்டினால் கலங்கிவிடும்.
வரலாறு, அரசியலமைப்பு, அறிவியல்: 40–45 நிமிடம். கேள்வி எழுதி, படித்து, மூடி, விடை எழுத இவ்வளவு வேண்டும்.
கணக்கு: 45–60 நிமிடம். ஒரே வகைக் கணக்கில் கை ஓடத் தொடங்கியபின் நடுவில் நிறுத்துவது நஷ்டம்.

இவை தொடக்க அளவுகள். துண்டுக் காகிதத்தில் எழுத்துகள் எந்த நிமிடத்துக்குப் பிறகு நெருங்கி விழுகின்றன என்று பார்த்து உங்கள் அளவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பாடத்தை அரைகுறையாக விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவாதீர்கள். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது, முந்தைய வேலையிலேயே கவனத்தின் ஒரு பங்கு தங்கிவிடுகிறது என்று சோபி லெராய் 2009-இல் ஆய்ந்து எழுதினார். நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால், எழுந்திருக்கும் முன் ஒரு வரி எழுதுங்கள்: “பக்கம் 62 வரை முடிந்தது, அடுத்தது மருது சகோதரர்கள், கேள்வி 3.” மறுபடி உட்காரும்போது எங்கே விட்டோம் என்று தேடும் பத்து நிமிடமும் மிச்சம்.

ஓய்வு நேரத்தில் போனை எடுத்தால் அது ஓய்வு இல்லை. தண்ணீர் குடியுங்கள், மாடிக்குப் போய் வாருங்கள், துணியை மடியுங்கள். புதிய செய்தி எதையும் தலைக்குள் விடாத வேலையாக இருக்கட்டும்.

5. போன்

“போனைத் தொடாதே” என்று சொல்வது எளிது. ஆனால் வகுப்பு யூடியூபில், பிடிஎஃப் டெலிகிராமில், டெஸ்ட் அட்டவணை வாட்ஸ்அப்பில். போனே புத்தகமாகிவிட்டவருக்கு அந்த அறிவுரை உதவாது. இதைச் செய்யுங்கள்:

– மறுநாளைக்கு வேண்டிய வீடியோவையும் பிடிஎஃப்பையும் முதல்நாள் இரவே இறக்கி வையுங்கள். படிக்கும்போது ஃப்ளைட் மோடில் போடுங்கள்.
– திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டிய பிடிஎஃப்பை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துவிடுங்கள்.
– டெலிகிராம் குரூப்புகளில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றிலிருந்து வெளியேறுங்கள். ஒரே செய்தி பத்துக் குரூப்பில் வருகிறது.
– நேரம் பார்க்கக் கைக்கடிகாரமோ மேசைக் கடிகாரமோ வேண்டும். மணி பார்க்கப் போனை எடுத்தவர்கள் மணி மட்டும் பார்த்துவிட்டு வைப்பதில்லை.
– அவசர அழைப்பு வரும் வீடு என்றால், போனை வீட்டில் இன்னொருவரிடம் கொடுங்கள். அல்லது ஒரு பழைய பட்டன் போனில் சிம்மைப் போட்டுக்கொள்ளுங்கள்.

போன் தேவைப்படாத பாடத்தின்போது அது வேறு அறையில் இருக்கட்டும். போன் பக்கத்தில் இருந்தாலே, ஒலிக்காவிட்டாலும், சிந்தனைத் திறனில் கொஞ்சம் குறைகிறது என்று 2017-இல் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று சொன்னது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் அதே முடிவு கிடைக்கவில்லை. ஆனால் ஓர் அறை தள்ளி வைப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை. கை நீட்டினால் எட்டாது என்பதே பாதி வெற்றி.

6. வீடும் நூலகமும்

தனி அறை உள்ளவர்களுக்கு இந்தப் பகுதி தேவைப்படாது. கூடத்தில் டிவி ஓட, சமையலுக்கும் குழந்தைக்கும் நடுவில் படிப்பவர்களுக்குத்தான்.

வீட்டில் இடம் இல்லாவிட்டால் நேரத்தை இடமாக்கிக்கொள்ளுங்கள். விடியற்காலை ஒன்றரை மணி நேரம், யாரும் எழுந்திருக்காத நேரம், பகலின் மூன்று மணி நேரத்துக்குச் சமம். கடினமான பாடத்தை அங்கே வையுங்கள். பகலில் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே கிடைக்கும் பத்து நிமிடங்களுக்குச் சீட்டுகள்: ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. வீட்டாரிடம் “நான் படிக்கணும், தொந்தரவு பண்ணாதீங்க” என்று பொதுவாகச் சொல்வதில் பயன் இல்லை. “ஆறரையிலிருந்து ஏழேகால் வரைக்கும் பாப்பாவைப் பார்த்துக்கங்க அத்தை, அப்புறம் நான் வந்துடறேன்” என்று தொடக்கமும் முடிவும் சொல்லிக் கேளுங்கள். முடிவு தெரிந்தால் உதவி கிடைக்கும். சொன்ன நேரத்துக்கு எழுந்தும் வாருங்கள்; மறுநாளும் கேட்க வேண்டும்.

நூலகம் எட்டும் தூரத்தில் இருந்தால் விடாதீர்கள். சென்னை கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்பதற்கே தனிப் பிரிவு இருக்கிறது. மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும், மாவட்ட மைய நூலகங்கள் பலவற்றிலும் போட்டித் தேர்வுக்கு என்று தனிப் பகுதி உண்டு. உங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் நேரத்தையும் வார விடுமுறையையும் ஒருமுறை விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நூலகத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது: வாசலில் உள்ள டீக்கடை. கட் ஆஃப் எவ்வளவு வரும், காலிப்பணியிடம் கூடுமா, அறிவிக்கை எப்போது என்று தொடங்கும் பேச்சு ஒரு மணி நேரம் ஓடும். பேசிவிட்டு வந்து உட்கார்ந்தால் அடுத்த ஒரு மணி நேரமும் அந்தக் கணக்குதான் தலையில் ஓடும். டீயைக் குடியுங்கள், கட் ஆஃப் பேச்சை வீட்டுக்குப் போகும் வழிக்கு ஒதுக்குங்கள்.

கவலைகளுக்கு ஒரு காகிதம் தனியாக வையுங்கள். கேஸ் பதிய வேண்டும், ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டும் என்று நடுவில் தோன்றினால் அதை எழுதி, பக்கத்தில் எப்போது செய்வீர்கள் என்றும் எழுதுங்கள்: “ஃபீஸ் – நாளை காலை 10.” நேரம் எழுதுவது முக்கியம். முடியாத வேலை மனத்தை நச்சரிப்பதும், அதற்குக் குறிப்பான ஒரு திட்டம் போட்டுவிட்டால் நச்சரிப்பு தணிவதும் 2011-இல் மசிகாம்போ, பாமைஸ்டர் செய்த சோதனைகளில் தெரிந்தது. வேலையை முடிக்கக்கூட வேண்டாம். எப்போது என்று முடிவாகியிருந்தால் போதும்.

7. ஓடிவிட்டால் என்ன செய்வது?

இத்தனைக்குப் பிறகும் மனம் ஓடும். 2010-இல் ஹார்வர்டில் 2,250 பேரை அவ்வப்போது போன் வழியாகக் கேட்டுப் பார்த்ததில், ஏறக்குறைய 47 சதவீத நேரம் அவர்கள் செய்துகொண்டிருந்த வேலையில் மனம் இல்லை. படிப்பவருக்கு மட்டும் வந்த குறை இல்லை இது. ஓடாமல் காவல் காப்பதைவிட, சீக்கிரம் திரும்பக் கற்றுக்கொள்வதே நடக்கக்கூடிய காரியம்.

திரும்புவதற்கு நான்கு படி:

1. துண்டுக் காகிதத்தில் ஓர் எழுத்து.
2. கடைசியாகப் புரிந்து படித்த வரியில் விரல் வையுங்கள். பக்கத்தின் தொடக்கத்துக்குப் போக வேண்டாம்.
3. தேடிக்கொண்டிருந்த கேள்வியை முணுமுணுப்பாகவாவது வாய்விட்டுச் சொல்லுங்கள்.
4. விடை கிடைத்ததும் உடனே எழுதுங்கள்.

ஒரே பத்தியில் மூன்று முறை இப்படி ஆனால் குற்றம் மனத்தின் மேல் இல்லை. அந்தப் பத்தி உங்களுக்குப் புரியவில்லை. அதே பாடத்தைக் கீழ் வகுப்புப் புத்தகத்தில் எடுத்துப் படியுங்கள். 10-ஆம் வகுப்பில் இறுக்கமாக இருப்பது சில நேரம் 7-லோ 8-லோ எளிதாக இருக்கும். மூன்றாவது முறைக்கு மேல் முட்டிக்கொண்டிருக்காதீர்கள்.

8. உடம்பு

இரவு ஒரு மணி வரை விழித்துவிட்டு விடியற்காலை நாலரைக்கு எழுந்து படிப்பவரின் காகிதத்தில் “உ” நிறைய விழும். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும்; படித்தது நினைவில் படிவதில் தூக்கத்துக்குப் பங்கு உண்டு. விடியலில் எழுபவர் இரவு சீக்கிரம் படுத்தே ஆக வேண்டும். இரண்டையும் நீட்ட முடியாது.

காஃபியில் உள்ள காஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம்போல ஆகும். மாலை ஆறுக்குக் குடித்தது இரவு பதினொன்றுக்கும் வேலை செய்யும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் கண் சொக்கும் நேரத்தில் வாசிக்க உட்காராதீர்கள். கை வேலை செய்யும் கணக்கையோ சீட்டுப் புரட்டலையோ அங்கே வையுங்கள். இருபது நிமிடம் தலை சாய்த்து எழுந்தாலும் நல்லது. அலாரம் மட்டும் வைத்துவிடுங்கள்.

9. மூன்று மணி நேரத்துக்குப் பழகுதல்

தேர்வு 200 வினா, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். வினா ஒன்றுக்கு 54 வினாடி. அதற்குள் ஓஎம்ஆர் தாளில் வட்டத்தையும் நிரப்ப வேண்டும். 45 நிமிடத் துண்டுகளாகவே படித்துப் பழகியவருக்கு இரண்டாவது மணி நேரத்தில் வினாவைத் தவறாக வாசிக்கும் பிழைகள் வரத் தொடங்கும். “பொருந்தாதது எது” என்பதைப் “பொருந்துவது எது” என்று படித்து, தெரிந்த விடையை விடுவது அப்போதுதான்.

இதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போதே வாரம் ஒரு முழுத் தேர்வு எழுதுங்கள். காலை 9.30-க்குத் தொடங்கி 12.30-க்கு முடியுங்கள், தேர்வு நடப்பதும் அந்த நேரத்தில்தான். ஓஎம்ஆர் நகலில் பேனாவால் நிரப்புங்கள். நடுவில் எழ வேண்டாம். திருத்தும்போது தவறுகளை இரண்டாகப் பிரியுங்கள்: தெரியாமல் விட்டது, தெரிந்தும் விட்டது. இரண்டாவது வகை எத்தனையாவது வினாவுக்குப் பின் கூடுகிறது என்று பாருங்கள். 120-க்குப் பிறகு என்றால், 115-இல் பேனாவை வைத்துவிட்டு அரை நிமிடம் கண்ணை மூடி மூச்சு விட்டுத் தொடருங்கள். 100 வினா கொண்ட தமிழ்ப் பகுதியை முதலில் முடிப்பதா, கணக்கை முதலில் முடிப்பதா என்பதையும் இந்தத் தேர்வுகளிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இந்த வாரப் பயிற்சி

திங்கள் முதல் புதன்: எப்போதும் படிப்பதுபோலப் படியுங்கள். துண்டுக் காகிதத்தில் எழுத்து மட்டும் போடுங்கள்.
வியாழன்: எழுத்துகளை எண்ணுங்கள். அதிகமான எழுத்துக்கு உரிய பகுதியை மறுபடி படித்து, அதிலிருந்து ஒரே ஒரு மாற்றத்தைத் தேர்ந்தெடுங்கள்.
வெள்ளி, சனி: அந்த மாற்றத்தோடு, ஒவ்வொரு இருப்புக்கும் முன் ஐந்து கேள்வி எழுதிப் படியுங்கள்.
ஞாயிறு: வாரத்தில் எழுதிய கேள்விகளை எல்லாம் கலைத்துப் போட்டு, புத்தகம் பார்க்காமல் விடை எழுதுங்கள். விடை வராதவற்றைத் தனியே குறித்து வையுங்கள். அடுத்த திங்கட்கிழமைப் படிப்பை அந்தப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள்.